மாப்பிள்ளைச் சிங்கங்கள்

தங்கனிக்கா நாடு,
1956 மார்ச்.

சாய்ந்தமருது, மதிப்புக்குரிய மாமா அப்துல் ஸமட் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் சாலிஹ் அடக்கத்துடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் சுகம், சிங்கங்களும் சுகம். அங்கு தாங்களும், மாமியும், என் மனைவி மைமூனாவும், அவளுக்கு மூத்த ராத்தா றம்லாவும், றம்லாவைக் கட்டிய, என் கூடப்பிறந்த மூத்தவர் காக்கா பக்கீரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் மாமி கொடுவா மீன் தலையைக் காக்காவின் பீங்கானில் வைத்தார் என்பதற்காக நான் கை கழுவாமலே எழும்பி, கொழும்புக்குப் போய், மொம்பாசாக் கப்பல் ஏறியது தாங்கள் அறிந்ததே. இங்கே ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமைக்கிறேன். துரைக்குச் சிங்கத்தைச் சுடுகிற வேலை இல்லை. லொறியில பின்னால போய், எது எதுக்குச் சொந்தம், எது எதோட படுக்குது எண்டு பார்த்துக் கொப்பியில எழுதுறதுதான் வேலை.

பொம்புளச் சிங்கமெல்லாம் தாயும் மகளும் ராத்தா தங்கச்சியுமா ஒரே இடத்தில கிடக்குதுகள், ஆண் ரெண்டு மட்டும் எங்கிருந்தோ வந்ததுகள், இது ஏன் எண்டு துரை தலையைச் சொறிஞ்சார். இதில என்ன துரை யோசிக்கக் கிடக்கு, ஊடு பொம்புளைகள்ற, அவனுகள் ரெண்டு பேரும் மாப்பிள்ளமார், எங்கட ஊரிலயும் இப்படித்தான் எண்டு சொன்னன். இப்ப அவர்ர கொப்பியில ஆண் சிங்கத்துக்கெல்லாம் மாப்பிள்ளை எண்டுதான் பேர். வேட்டைக்குப் பெரும்பாலும் பொம்புளைகள்தான் போகும். மாப்பிள்ளமார் பத்தைக்குள்ள படுத்துக் கிடந்திட்டு, இறைச்சி விழுந்தோடன வந்து முதல் வாய் வைப்பானுகள். பார்க்கப் பார்க்க எனக்கு வெக்கமாப் போச்சு மாமா. ஒருநாள் மாட்டுத் தொடைக்கு அண்ணனும் தம்பியும் மூஞ்சியில அடிபட்டானுகள். கொஞ்ச நேரத்தில தலையோட தலை உரசிப் படுத்திட்டானுகள். தனிய நிண்டா வேற ஆணுகள் வந்து விரட்டிப்போடும் எண்டு அதுகளுக்குத் தெரியும். ஒண்டும் கோவிச்சுக்கொண்டு கப்பலேறல்ல.

மறுகா ஒருநாள் லுஹர் நேரத்து உச்சி வெயிலுக்கு, மூத்த மாப்பிள்ளை நிழலுக்கு எங்கட லொறிக்குக் கீழ வந்து படுத்திட்டான். பின்னேரம் அஸர் வரைக்கும் நாங்க இறங்கேலாது. மூத்திரம் முட்டி, வாய் தவறி "மாமீ" எண்டு கத்திட்டன். அவன் எழும்பிப் போயிட்டான். மாமிக்கு என்ட நன்றியைச் சொல்லுங்க.

உங்களுக்கும் நான் நன்றி எண்டு ஒரு சொல் சொன்னதில்ல மாமா. ஊடு கட்டித் தந்தீங்க, நல்ல மகளைத் தந்தீங்க. நான் போன புறகும் நீங்க அவள்ற மனம் நோக ஒரு சொல் சொல்லல்ல எண்டு காக்காதான் எழுதினார். மீன் தலை தின்டவர்தான் எனக்காக அழுதும் எழுதியிருக்கார். மைமூனா ஓம் எண்டா என்னைத் திரும்ப எடுப்பீங்களா? பதில் வர ஆறு கிழமை ஆனாலும் பொறுத்திருப்பன். சிங்கத்துக்கு நடுவில சீவிச்சவன், எனக்கு இப்ப எதுக்கும் பயமில்ல.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த விளைச்சலும் தருவானாக.

மருமகன்,
சாலிஹ்

பி.கு: இதில் முத்திரை இல்லாததைக் கண்டிருப்பீங்க. மேலே உள்ளதெல்லாம், இன்னும் அங்கயே இருக்கிற மாதிரி, திரும்பி வாற கப்பலில் இருந்து எழுதினது. வந்து நாலு நாளாச்சு, பக்கத்தில பாண்டிருப்பில, எனக்குத் தெரிஞ்ச நல்லரெத்தினம் அண்ணர் ஊட்ட இருக்கன். முந்தாநாள் உங்கட வாசல் கடப்படி வரைக்கும் வந்தன், மாமிர சத்தம் கேட்டுத் திரும்பிட்டன். அண்ணர்தான் இதைக் கொண்டுவாறார். பதில் எழுத வேணாம். மீன் தலை காக்காவுக்கே இருக்கட்டும். மைமூனாவை ஒருக்காக் கடப்படிக்கு வரச் சொல்லுங்க. அண்ணருக்குப் பின்னால, பூவரச மறைவில குந்திக்கொண்டிருக்கிறது நான்தான்.