முன்னாள் நீதிபதி எந்நாள் வரை?

ஒரு நீதிபதி தம்மை நீதிபதி என்று எப்படி நிரூபிப்பார்? நீதிமன்றம் என்று ஒன்று ஏற்பட்ட காலத்திலிருந்து இந்தக் கேள்வி யாருக்கும் எழவில்லை. அங்கி மாட்டிக்கொண்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நீதிபதி, எதிரே கைகட்டி நிற்பவர் மற்றவர் என்று உலகம் எளிமையாகப் புரிந்துவைத்திருந்தது. இந்த நிலையில் வாசலுக்குப் புதிதாக ஒரு காவலாளி வந்தார். அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நடந்து வந்த நீதிபதி ஒருவரைப் பார்த்து, "சலவைத் துணி கொண்டு வர்றவங்கல்லாம் பின்வாசல்" என்று வழிகாட்டினார். நீதிபதியும் பின்வாசல் வழியாகவே போய் அன்றைய அலுவலை முடித்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் சுற்றறிக்கை பிறந்தது: இந்நாள், முன்னாள் நீதிபதிகள் அனைவருக்கும் அதிகாரபூர்வ அடையாள அட்டை வழங்கப்படும்.

அதற்கென ஓர் அட்டைப் பிரிவு தொடங்கப்பட்டு, ஒரு மேசை, ஓர் அச்சு இயந்திரம், ஒரு பிரிவு அலுவலர் ஆகியவை அங்கே வைக்கப்பட்டன. பிரிவு அலுவலர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பதவி தற்காலிகம். தலைமை நீதிபதி ஆய்வுக்கு வருவதற்குள் அட்டைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டால் நிரந்தரம். சேராவிட்டால், ஏற்கெனவே பல வருஷம் இருமிக்கொண்டிருந்த நிலவறைக்கே, பழைய வழக்குக் கட்டுகளின் மத்தியில், திரும்பிப் போகவேண்டியதுதான். அட்டைப் பிரிவில் ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியாக ஒரு மரம் தெரிந்தது. அந்த மரத்தை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

இந்நாள் நீதிபதிகளின் அட்டைகள் மளமளவென்று விழுந்தன. 'செல்லுபடியாகும் தேதி' என்ற கட்டத்தில் ஓய்வுபெறும் தேதியைப் போட்டால் போதும். முன்னாள் நீதிபதிகளிடம் வந்ததும் இயந்திரம் சண்டித்தனம் செய்தது. கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பு விளக்கைக் காட்டி முறைத்தது. 'ஆயுள் முழுவதும்' என்று தட்டினால், தேதி எங்கே என்று கேட்டது.

பிரிவு அலுவலர் பதிவாளரிடம் போனார்.

"இதுக்குப் போயா? எல்லாருக்கும் அஞ்சு வருஷம்னு போட்டுத் தள்ளுங்க."

"போட்டேன் சார். முதல் அட்டை வாங்கினவரே திருப்பி அனுப்பிட்டார். அஞ்சு வருஷம் கழிச்சு நான் முன்னாள் நீதிபதி இல்லைன்னு ஆயிடுமான்னு கேக்கறார்."

பதிவாளர் மோவாயைத் தடவினார். "ஒருத்தர் முன்னாள் நீதிபதியா இல்லாமப் போறதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, மறுபடி நீதிபதி ஆகணும்."

"இன்னொண்ணு?"

"அந்தத் தேதியைத்தான் கட்டத்துல போடணும்."

"அது யாருக்கு சார் தெரியும்?"

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார் பதிவாளர். தமக்குத் தெரியாததை எல்லாம் தமக்குக் கீழே இருப்பவருக்குத் தெரிந்ததாக ஆக்கிவிடும் வல்லமை ஒரு கையெழுத்துக்கு உண்டு. 'மேற்படி தேதியைப் பிரிவு அலுவலர் தமது விருப்புரிமைப்படி நிர்ணயித்துக்கொள்ளலாம்.' இதுநாள்வரை எமன் தனியாகக் கவனித்துவந்த துறை, அன்று பிற்பகல் முதல் அட்டைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது.

பிரிவு அலுவலர் தாராளமாகவே நடந்துகொண்டார். எல்லாருக்கும் நூறு வயது. மூன்றாம் நாள் தொலைபேசியில் ஒரு நடுங்கும் குரல்.

"அம்மா, அடுத்த மாசம் எனக்கு நூறு முடியுது. புதுப் பல்செட்டுக்கு இப்பத்தான் அளவு கொடுத்திருக்கேன். அது வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆகுமாம்."

அந்த அட்டைகளை ரத்து செய்துவிட்டு, அவரவர் வயது, நடை, மூச்சு ஆகியவற்றைப் பரிசீலித்து ஆளுக்கொரு தேதி போட்டார். அதிலிருந்து ஒரு புது நாகரிகம் கிளம்பியது. நீண்ட தேதி வாங்கியவர்கள் அட்டையைப் பட்டு நாடாவில் கோத்துச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டார்கள். குறுகிய தேதிக்காரர்கள் உள்ளே விட்டுக்கொண்டு, குளிராக இருக்கிறது என்று மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார்கள். பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் "சௌக்கியமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எது வரைக்கும்?" என்று கேட்டார்கள். பத்து நாளில் பாதி அட்டைகள் ஆட்சேபணையுடன் திரும்பி வந்தன.

இன்னும் அச்சாகாத அட்டை ஒன்று இருந்தது. அதற்குரியவர் பிரிவு அலுவலரின் மாமனார். எழுபத்தெட்டு வயது, முன்னாள் நீதிபதி, ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை.

"எல்லாருக்கும் வந்தாச்சு. எனக்கு மட்டும் ஏம்மா வரலை?" என்றார் அவர்.

"செஞ்சிடறேன் மாமா. கொஞ்சம் வேலை ஜாஸ்தி."

"என்ன பெரிய வேலை?" என்றாள் மாமியார். "நாலு வருஷம் கூடப் போட்டா உன் கை தேஞ்சுடுமா? சொந்த மாமனார்தானே!"

"கூடப் போட்டா சொந்தக்காரருக்குச் சலுகைம்பாங்க" என்றான் கணவன், தட்டிலிருந்து தலை நிமிராமல். "குறைச்சுப் போட்டா, வீட்டு மேல கண்ணும்பாங்க."

"நீ சும்மா இருடா" என்ற மாமனார் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஆதாரத்துல தேதி போடறே? காரணம் காட்டாத உத்தரவு செல்லாது, தெரியுமில்ல?"

மருமகளுக்கு அலுத்துவிட்டது. "அப்ப நீங்களே சொல்லுங்க மாமா. எந்தத் தேதி போடட்டும்?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. குரலும் மாறியது.

"இரு தரப்பையும் கேட்டாச்சு. பரிசீலிக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கு. நேரமும் ஆயிடுச்சு. அடுத்த மாசம் பதினேழாம் தேதிக்கு வச்சுக்கலாம்."

"முப்பது வருஷம் இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினார்" என்றாள் மாமியார்.

ஆனால் மருமகளின் கையில் எடுத்த கவளம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் எல்லா அட்டைகளும் புதிதாக அச்சாயின. எல்லாவற்றிலும் அடுத்த மாதம் பதினேழாம் தேதி. அன்றைக்கு முன்னாள் நீதிபதி நேரில் ஆஜராகி விண்ணப்பித்தால் அதற்கும் அடுத்த மாதத்துக்கு ஒரு வாய்தா கொடுக்கப்படும். வாங்கியவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. வாய்தாவை ஆட்சேபித்து அவர்களுக்குப் பழக்கமில்லை.

"ஒரு முடிவும் எடுக்காமலே வேலையை முடிச்சிட்டீங்க. நிர்வாகம்னா இதுதான்" என்று பதிவாளர் மெச்சினார்.

பதினேழாம் தேதியன்று, அட்டைப் பிரிவுக்கு வெளியே வழக்குக்காரர்களுக்கென்று போட்டிருந்த நீள பெஞ்சில் அவர்களை ஒட்டியே முன்னாள் நீதிபதிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டவாலி வெளியே வந்து கூவினார்: "முன்னாள் நீதிபதி! முன்னாள் நீதிபதி! முன்னாள் நீதிபதி!" பாதி பெஞ்சு எழுந்து நின்றது.

மாமனாரின் முறை வந்தது.

"வாய்தா எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் பிரிவு அலுவலர், அலுவலகக் குரலில்.

"நான் இன்னும் தயாராகலைங்க."

"சரி, அடுத்த மாசம்."

முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தவரைப் பெஞ்சிலிருந்த ஒருவர் உற்றுப் பார்த்தார். ஒரு முழ வேலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு வாலிபத்தில் வழக்குப் போட்டு, நரைத்த பிறகும் நடத்திக்கொண்டிருப்பவர். கட்டடம் முழுக்க வேலிக்காரர் என்றால் தெரியும்.

"என்னங்கய்யா, வாய்தாவை வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வர்றீங்க? நீங்க எனக்குக் கொடுத்தப்பல்லாம் நான் அழுதுக்கிட்டுத்தானே போனேன்?"

"விவரம் தெரியாம அழுதிருக்கீங்க" என்றார் மாமனார். "இந்தத் தேதியில நான் ஆஜராகணும்னு உத்தரவு. அதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தா நீதிமன்ற அவமதிப்பு!"

வேலிக்காரர் தம் பையைத் துழாவித் துண்டுச் சீட்டை எடுத்தார். உதடு அசைய இரண்டு முறை படித்தார். "ஐயா... எனக்கு ஆறு வருஷம் தள்ளிப் போட்டிருக்காங்க."

"ஆறா?" என்றார் மாமனார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

இதற்குப் பிறகு கட்டடத்தில் நடந்ததை முன்னேற்றம் என்றே சொல்லவேண்டும். வழக்குக்காரர்கள் வாய்தாச் சீட்டை உறைபோட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். நீண்ட வாய்தா வாங்கித் தரும் வக்கீலின் வாசலில் கூட்டம் அலைமோதியது. கிழவர்கள் புது வழக்குப் போடப் பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேடிப்பிடித்துச் சண்டையிட்டார்கள். தாமதத்தைப் பற்றிய புகார்ப் பெட்டி காலியாகவே இருந்தது. ஆய்வுக்கு வந்த தலைமை நீதிபதி அந்தப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக் கண்கலங்கினார்.

ஆனால் அதே ஆய்வின் பதற்றத்தில் கீழ்த் தளத்தில் யாரோ ஒரு தவறு செய்துவிட்டார்கள். வேலிக்காரர் தள்ளாடியபடி அட்டைப் பிரிவுக்கு வந்தார்.

"அம்மா, வழக்கை முன்கூட்டியே எடுத்துத் தீர்ப்பு சொல்லிட்டாங்க."

"தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சுட்டேன்" என்று விம்மினார் அவர். "ஜெயிச்சவன் மேல்முறையீடு பண்ண வழி இருக்காம்மா?"

பெஞ்சிலிருந்த முன்னாள் நீதிபதிகள் எழுந்து தங்கள் வரிசையில் அவருக்கு இடம்விட்டார்கள். அப்போதுதான் பதிவாளர், கையில் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"வாழ்த்துகள்! உங்களை நிரந்தரம் ஆக்கியாச்சு!"

பிரிவு அலுவலர் மகிழ்ச்சியோடு உத்தரவைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் வாசிப்பு தட்டியது. தற்காலிகப் பதவிக்கு முடிவுத் தேதி எதுவும் இருந்ததில்லை. நிரந்தரப் பதவிக்கு இருந்தது: ஓய்வுபெறும் தேதி. நாள், மாதம், வருஷம் எல்லாம் தெளிவாக, இயந்திரத்துக்குப் பிடித்த வடிவத்தில்.

அவர் சன்னலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து வரிசையில் வேலிக்காரருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால், சிறிது யோசித்துவிட்டு, பதிவாளரும் நின்றார்.

உள்ளே வாய்தா கொடுக்கும் நாற்காலியில் யாரும் இல்லை. வரிசையும் நகரவில்லை. ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை.