மீன்தொட்டிக்கு எடுத்த இடுப்பளவு

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மீன்களும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகப் படிக்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வரலாம்.

வேலை மாற்றலாகிப் போகும்போது தொட்டியை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு, "ஒண்ணும் பண்ண வேண்டாம் மாமா, சாப்பாடு மட்டும் போடுங்க" என்றீர்கள். போட்டோம். ஆனால் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துச் சுத்தம் பண்ணி மேலே அனுப்புகிற ஃபில்டர் திங்கட்கிழமை காலையில் நின்றேபோனது. புதுசு வாங்கினேன். தண்ணீர் இழுக்கிற பக்கம் சரியாகப் பொருந்திவிட்டது, திருப்பி அனுப்புகிற பக்கத்தில்தான் தகராறு. ஃபில்டரின் வாய் பெரிசு, தொட்டியில் நீங்கள் மாட்டியிருக்கிற குழாய் சிறிசு. நடுவிலே ஒரு ஓஸ் வேண்டும். ஆயுள் முழுக்கத் தையல் கடை வைத்திருந்தவனுக்கு அளவெடுப்பது ஒரு வேலையா என்று ஃபில்டர் வாயைச் சுற்றி டேப்பைப் பிடித்துக் குறித்துக்கொண்டு போனேன். பைப் கடைக்காரர், "அஞ்சு சென்டிமீட்டரா? உள்ளளவா, வெளியளவா?" என்று கேட்டார். நான் எந்த வாடிக்கையாளருக்கும் உள்ளளவு எடுத்ததில்லை மாப்பிள்ளை. "இடுப்பளவு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மணிக்கட்டுப் பருமனில் ஒரு ஓஸைச் சுருட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்து உங்கள் மாமியார், "என்னங்க, இதுல மீனே நடந்து போகலாம் போல இருக்கே" என்றாள். ஓஸுக்குச் சுற்றளவு இல்லை, குறுக்களவுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதுக்குள்ள உங்க குண்டன், அந்தப் பெரிய ஆரஞ்சு மீன், மேல வந்து வாயை வாயைத் திறக்கிறான். தொட்டி வந்த அன்னிக்கு "அது பக்கமே நான் போகமாட்டேன்"னு சொன்ன உங்க மாமியார், அடுப்பை அணைச்சுட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தண்ணியை மொண்டு மொண்டு உயரத்திலேருந்து ஊத்த ஆரம்பிச்சா, காத்து கலக்கட்டும்னு. "கை வலிக்கும், விடு"ன்னேன். "நீங்க போய்ச் சரியானதை வாங்கிட்டு வாங்க"ன்னா. நான் செருப்பை மாட்டினேன்.

இந்தத் தடவை குறுக்களவு சொன்னேன், ஆனா அதை ஓஸோட வெளியளவுன்னு சொல்லிட்டேன். ஓஸ் பார்க்க அழகா இருக்கு, ஃபில்டர் வாயில ஏறமாட்டேங்குது. உங்க மாமியார்தான் "வெந்நீர்ல முக்குங்க"ன்னா. முக்கினதும் இளகி ஏறிடுச்சு, ஆறினதும் கப்புனு பிடிச்சுக்கிச்சு. மறுமுனை குழாய்ல தொளதொளன்னு கிடந்தது. தொளதொளப்புக்கு எனக்கா வழி தெரியாது? துணியைச் சுத்தி, நல்ல நூலால இறுக்கிக் கட்டி, சுவிட்சைப் போட்டேன். முதல்ல என் சட்டை, அப்புறம் காலண்டர், அப்புறம் கூரை.

நனைஞ்ச சட்டையோட மீன் கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா, "துணி சுத்தினா தண்ணி நிக்குமா ஐயா?"ன்னு சிரிச்சுட்டு, ஒரு பக்கம் தடியாவும் ஒரு பக்கம் ஒல்லியாவும் இருக்கிற இணைப்பு ஒண்ணு, அதுக்கு ஏத்த ஒல்லி ஓஸ் ஒரு துண்டு, திருகி இறுக்கற கிளாம்ப் கொஞ்சம் கொடுத்தாங்க. மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகல. ஆனா வாய் குறுகினதால தண்ணி பீய்ச்சி அடிச்சு, மீனெல்லாம் மூலையில ஒண்டிக்கிச்சு. உங்க மாமியார் கையை விட்டுக் குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினா. வேகம் அடங்கிச்சு. குண்டன் நீந்தி வந்து அவ விரலை முட்டினான். அவ ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, வயதான காலத்தில் இந்தப் பாடெல்லாம் எங்களால் ஆகாது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது தொட்டியைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகவும். இது முடிவான பேச்சு. மகளிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும். இருவரும் மனம் ஒத்து, நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை, இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். வரும்போது நீங்கள் இருவர் மட்டும் வந்தால் போதுமாம், தொட்டியைத் தொடக் கூடாதாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உங்களுக்குப் புதுத் தொட்டி ஒன்று வாங்கித் தருகிறேன். குழாய் அளவு மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளவும்.