என் உயிர்வாழ் சான்றிதழும் ராணியின் மடியும்

எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத வியாதி எனக்கு உண்டு. டெல்லி முனிர்காவில் எங்கள் மாடி வீட்டுக்கு முப்பத்தொரு படிகள். தினமும் எண்ணித்தான் ஏறுகிறேன். (ஒரு நாள் முப்பதுதான் வந்தது. இறங்கி, மறுபடி ஏறினேன்.) புள்ளிவிவரங்களோடு முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் வேறு எப்படி இருப்பான்? இந்த வியாதியோடு நான் ஆடு கறக்கப் போனது மூன்று வருடத்துக்கு முன்னால்.

கீழ்வீட்டு விம்லாவிடம் இருந்தது ஒரே ஒரு கறவை ஆடு, ராணி. டெங்குக் காய்ச்சலுக்கு ஆட்டுப்பால் மருந்து என்று ஒரு நம்பிக்கை, அந்த சீசனில் ராணியின் பாலுக்கு அடிபிடி நடக்கும். நவம்பர் கடைசி நாளுக்கு முந்தின மாலை, அவள் மகளுக்குப் பிரசவ வலி என்று ரோத்தக் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காலையில் யார் கறப்பது என்று விம்லா தவித்தாள்.

"நான் கறக்கிறேன். ஊரில் எங்கள் வீட்டில் பசு இருந்தது" என்றேன்.

என் மனைவி மரகதம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க கறந்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"ஆபரேஷன்கூடத்தான் டிவியில பாத்தீங்க."

விம்லா இந்தியில் விவரம் சொன்னாள். வெதுவெதுப்பான நீரில் மடியைத் துடைக்க வேண்டும். முதல் நாலு பீச்சுப் பாலைத் தனியாகப் பிடித்து, திரிதிரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறந்து முடித்ததும் காம்பை மருந்தில் முக்க வேண்டும். "அப்புறம் அரை மணி நேரம் உட்கார விடாதீங்க பாபுஜி. காம்பு ஓட்டை மூட அவ்வளவு நேரமாகும். அழுக்கில் உட்கார்ந்தால் கிருமி ஏறிடும்." முந்தின ஆட்டுக்கு இப்படித்தான் மடி வீங்கி, ஒரு பக்கம் பாலே வற்றிவிட்டதாம். "இவளுக்கும் வந்தால் நான் காலி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

காலை ஏழு மணிக்கு இறங்கினேன். காம்புக்கு ஒன்றாக நாலு துணி. பையில், பென்ஷன் நிற்காமலிருக்க அன்று பேங்கில் கொடுத்தே ஆக வேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் படிவம், இரண்டு நகல்களோடு. (வீட்டில் வைத்தால் தொலைந்துவிடுமோ என்ற பயம்.)

குனிந்து எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டுதான். விம்லாவுக்குப் போன் போட்டேன்.

"விம்லா, ரெண்டு காம்பைக் காணோம்!"

"பாபுஜி, அது ஆடு. மாடில்லை!" பின்னால் ஒரு ஆஸ்பத்திரியே சிரித்தது.

துடைத்தேன், இழுத்தேன். ஒரு சொட்டும் வரவில்லை, உதைதான் வந்தது. மாடியிலிருந்து மரகதத்தின் குரல்: "இழுக்காதீங்க, அது என்ன கோயில் மணியா? மேல இறுக்கிப் பிடிச்சு, ஒவ்வொரு விரலா மடக்குங்க!" பதினாலாவது முயற்சியில் பால் பீறிட்டது, நேராக என் மூக்குக்கண்ணாடியில். அதன்பின் கை பழகிவிட்டது. திரி இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பீச்சில் மடி காலி. மருந்திலும் முக்கியாயிற்று. (மருந்துக்கு நான் எடுத்த டம்ளர் மரகதத்தின் அம்மா கொடுத்ததாம். அது தனிக் கதை.)

இனி அரை மணி நேரம். தழையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடத்தில் தழை தீர்ந்தது. ராணி முன்னங்காலை மடக்கினாள். கீழே அவளுடைய புழுக்கையும் சேறும். வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன். என்னைவிட அவள் கனம். அப்போதுதான் அவள் மூக்கு என் பைப் பக்கம் திரும்பியது. ஒரு நகலின் முனையைக் கவ்வினாள். பிடுங்கப் போனேன், நின்றுவிட்டேன். மென்றுகொண்டே நேராக நிற்கிறாள்!

கணக்குப் போட்டேன். பாக்கி பத்தொன்பது நிமிடம், மூன்று தாள். சின்னச் சின்னதாகக் கிழித்து ஊட்டினேன். ஆதார் நகல் ஆறு நிமிடம். பென்ஷன் புத்தக நகல் ஏழு. நான் உயிரோடிருப்பதாக நானே கையெழுத்திட்ட தாள் சரியாக ஆறு. முப்பதாவது நிமிடத்தில் ராணி நிம்மதியாக உட்கார்ந்தாள். நான் சட்டப்படி இல்லாமல் போயிருந்தேன்.

மதியம் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்த விம்லா, முதலில் மடியைத்தான் தொட்டுப் பார்த்தாள். "மெத்துனு இருக்கு!" அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். கேட்டதும் என்னைப் பேங்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஃபார்ம் எங்கே?" என்றார் கவுன்டர்காரர்.

"ஆடு தின்றுவிட்டது."

அவர் வாய் திறப்பதற்குள் விம்லா முந்திக்கொண்டாள். "சாப், இன்னிக்குக் காலையில் என் ஆட்டைக் கறந்தது இவர்தான். செத்தவங்க கறப்பாங்களா?"

வரிசையில் நின்ற பதினேழு பேரும் சிரித்தார்கள். (காவலாளியோடு பதினெட்டு.) புதுப் படிவம் கிடைத்தது. நான் உயிர் பெற்றேன்.

இப்போதும் நவம்பர் பிறந்தால் குர்கானிலிருந்து எங்கள் மகள் போன் பண்ணுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்பதில்லை. "ஆடு சாப்பிட்டாச்சாப்பா?" என்றுதான் கேட்பாள். ராணியும் மறக்கவில்லை. என் பையில் ஏதாவது காகிதம் தெரிந்தால் போதும், படுத்திருப்பவள் எழுந்து, நாலு காலில் விறைப்பாக நிற்கிறாள். அரை மணி நேரமானாலும் உட்காருவதில்லை.