பத்து முறை எழுதிய வாக்கியம்

ரிமோட்டைத் தேடிய சவரிக்கு அது ஒரு நோட்டின் மேல் கிடைத்தது. நோட்டு விரித்தபடி இருந்தது.

'மை ஹஸ்பண்ட் இஸ் அலூஃப்.'

மனைவி மதலேனம்மாளின் கையெழுத்து. கீழேயும் அதே வாக்கியம். அதற்குக் கீழேயும். எண் போட்டு, பத்து வரை.

மை தெரியும். ஹஸ்பண்ட் தான்தான் என்பதும் தெரியும். கடைசி வார்த்தைதான் தெரியவில்லை. ஆனால் நல்ல வார்த்தையாக இருந்தால் பத்து முறை எழுதியிருக்க மாட்டாள்.

"இதென்ன நோட்டு?" என்றார்.

"மாதா கோயில் ஹால்ல நடக்குதே, இங்கிலீஷ் கிளாஸ், அந்த நோட்டுங்க," சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மூடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

சவரிக்குப் பழைய ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை மதலேனம்மாள் கோபித்துக்கொண்டு ஏரியூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் வரவில்லை. அந்த மாதம் சவரி ஆறு கிலோ இளைத்தார்.

பாப்பாரப்பட்டி கடைவீதியில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பக்கத்திலேயே பிரபாகரின் ஜெராக்ஸ் கடை. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அங்கே போய் நின்றார்.

"பிரபா, அலூஃப்னா என்னாப்பா?"

பிரபாகரின் கையிலிருந்த பேப்பர் கட்டு சரிந்தது.

"இத எங்கண்ணா பாத்தீங்க?"

"கஸ்டமர் ஒருத்தர் கேட்டாரு."

"ஓ, கஸ்டமரா." பிரபாகர் போனைத் தொடவில்லை. மனப்பாடமாகச் சொன்னான். "ரிசர்வ்ட், டிஸ்டன்ட், கோல்ட், டிடாச்ட். ஒட்டாத ஆளுண்ணா. வூட்லதான் இருப்பான், ஆனா இருக்க மாட்டான். எதக் கேட்டாலும் 'ம்'முன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

"ம்," என்றார் சவரி. சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

"மனுசனுக்கு மட்டும்தான் சொல்லுவாங்களா?"

"பூனைக்கும் சொல்லுவாங்கண்ணா."

சவரி வீட்டுப் பூனையை நினைத்துப் பார்த்தார். அதுகூட மதலேனம்மாளின் காலைச் சுற்றிச் சுற்றி வரும்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். டிஸ்டன்ட் முதலில். மதலேனம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"என்னாங்க?"

"சும்மாதான்."

"வேர்க்குதுங்க. தள்ளிக் குந்துங்க."

டிஸ்டன்ட் கூடிவிட்டது.

பூ வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மார்க்கெட்டுக்கு ஓடினார். பூக்காரி சின்னம்மாளின் கூடை காலி.

"இன்னிக்கு என்னா மாயமோ தெரியல சாமி, ஆம்பளைங்களா வந்து மல்லியெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ரோசா மால ஒன்னுதான் கெடக்குது."

ஆள் உயரத்துக்கு இருந்த அந்த மாலையோடு சவரி தெருவுக்குள் நுழைந்தார். எதிர் வீட்டுக் காசியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"எந்த வூட்டு சாவுங்க சவரி?"

"சாவு இல்லீங்க. மதலேனாவுக்கு."

"ஐயய்யோ! மதலேனாவுக்கு என்னாச்சு?"

ஐந்து நிமிடத்தில் வாசலில் பத்துப் பேர். உயிரோடு வெளியே வந்து நின்ற மதலேனம்மாள் மாலையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அதை வாங்கி மாதா படத்துக்குப் போட்டுவிட்டாள்.

மாலை மாதாவுக்குப் போனதுதான் சவரியைக் கலக்கியது. மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் விடியாததுமாய் மச்சான் அந்தோணி பிரகாஷுக்குப் போன் போட்டார்.

"மச்சான், உங்க தங்கச்சி எதுனா சொல்லுச்சா?"

"என்னா சொல்லணும்?"

"ஒன்னுமில்ல. அது அங்க வரேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க."

"வேணாம்னு சொல்லணுமா? மாப்ள, என் தங்கச்சிய என்னாடா பண்ண? இரு, நான் வரேன்!"

வைத்த போன் உடனே அடித்தது. பிரபாகர்.

"அண்ணா, சாம்பாருக்குப் புளித்தண்ணி மொதல்ல ஊத்தணுமா, பருப்பு மொதல்லயா?"

"எனக்கென்னடா தெரியும்!" என்று வைத்தவருக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. சமையல்!

மதலேனம்மாளைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "இன்னிக்கு நான்தான் களி கிண்டுவேன். கோழிக் குழம்பும் நான்தான்."

"உங்களுக்கு உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

"கண்டுபிடிக்கிறேன்."

கண்டுபிடித்தது சோடா உப்பு. குழம்பு பொங்கி அடுப்பை அணைத்தது. களி கரண்டியை விடவில்லை. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வந்தது.

சரியாக அப்போது அந்தோணி பிரகாஷ் வந்து சேர்ந்தார். தட்டில் வைத்ததை ஒரு வாய் போட்டவருக்கு முகம் கோணியது.

"இது களியா மாப்ள, மோட்டாருக்கு ஊத்தற வார்னிஷா? இதத்தான் என் தங்கச்சிக்குத் தினமும் போடறியா? மதலேனா, துணிமணிய எடு. பஸ்ஸு இருக்குது."

சவரி வழியை மறித்தார். கரண்டியும் பாத்திரமுமாக நடுக்கூடத்தில் நின்றார். இருபத்திரண்டு வருடமாக 'ம்' சொன்ன வாய் திறந்துகொண்டது.

"போவாத மதலேனா! ஓடுற மோட்டார எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். நின்னுபோச்சுன்னாதான் பாப்பான். நீ ஒரு நாளும் நிக்கல. அதான் நான் பாக்கல. ஒட்டாத ஆளெல்லாம் இல்ல நான். ஒட்டிக்கிட்டுதான் இருக்கேன், இந்தக் களி மாதிரி. எனக்குத்தான் சொல்லத் தெரியல."

அந்தோணி பிரகாஷ் மெல்வதை நிறுத்தினார். மதலேனம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சவரிக்கும் கண் கலங்கியது.

"நான் எங்கங்க போவப் போறேன்?" என்று முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ராத்திரிக்கும் நீங்களே ஆக்கினா சரி."

"இனிமே ஞாயித்துக்கிழம பூரா நான்தான்!" என்று மாதா படத்தின் முன்னால் சத்தியமே செய்தார் சவரி.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். இங்கிலீஷ் டீச்சர் பிளசி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே செருப்பைக் கழற்றியபடி உற்சாகமாகக் கூவினாள்.

"மதலேனாக்கா, நம்ம கிளாஸ் பதினாலு பேர் வூட்லயும் இன்னிக்கு ஆம்பளைங்கதான் சமையல்! நோட்ட ரிமோட்டுக்கு அடில தெறந்து வெக்கணும்னு நீங்க குடுத்த ஐடியா சூப்பர்க்கா, அடுத்த வாரத்துக்கு எந்த வார்த்தைய நடத்தட்டும்?"