அம்பு அசைவுப் பதிவேடு

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா ஆத்தா?"

எங்கள் முதலாளி மகாராஜன் என்னிடம் இப்படிக் கேட்ட நாளை, மனித குல வரலாற்றை எழுதுகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நெருப்பைக் கண்டுபிடித்த தேதியைத் தொலைத்ததுபோல் இதையும் தொலைத்துவிடக் கூடாது. போடிநாயக்கனூரில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, மலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையை அந்தந்த நொடியில் பார்க்கும் யுகம் அன்றுதான் பிறந்தது. கூடவே, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதவியும் பிறந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேசக் கூச்சப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். நேர்முகத் தேர்வு அத்துடன் முடிந்தது.

அதுவரை எங்கள் கோடவுனில் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து லோடு இறங்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடிக் காயை வெள்ளைத் தட்டில் பரப்பி, அதன் நிறத்தை நோட்டில் எழுதுவதும் என் வேலை. புதிய பதவியில் நாற்காலி உண்டு. தலைக்கு மேல் மின்விசிறி உண்டு. அது சுற்றவும் செய்தது.

முதலாளியின் தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஜீப்பில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அலுவலகம், அதில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் சூர்யகலா அக்கா. காலையிலும் மாலையிலும் ஆட்கள் பறித்து வரும் பச்சைக் காயின் எடையை அதில் ஏற்றுவது அவர் வேலை. மிச்ச நேரம் ஸ்டோரில் இருப்பார். காய் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். விறகு கூடினால் பச்சை போய்க் காய் பழுத்துப்போகும், குறைந்தால் பூஞ்சை பூத்துப்போகும். ஒருத்தர் நெருப்பின் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அதற்கென்று இருந்த ஆள் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டபோது, முதலாளி அந்தப் பதவியைச் சூர்யகலா அக்காவின் பதவியோடு 'இணைத்தார்'. இணைத்த கையோடு மறந்தும் விட்டார். பெரிய நிர்வாகிகளுக்கு இது இயல்பு.

கம்ப்யூட்டர் கடை அருண்பாண்டிதான் திட்டத்தை விளக்கியவர்.

"அங்க திரையில என்ன ஓடுதோ, அப்படியே இங்க தெரியும்ணே."

"எப்ப ஓடுனது? நேத்து ஓடுனதா?"

"இப்ப ஓடுறதுண்ணே. லைவு."

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். "அப்ப மலையே நம்ம மேசைக்கு வந்துருச்சுன்னு சொல்லு."

"திரை மட்டும்தாண்ணே வரும்."

"அதான்ப்பா, மலை."

இணைப்புக்கு மலைக் கம்ப்யூட்டர் காட்டும் ஒன்பது இலக்க எண் வேண்டும், கூடவே ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். சூர்யகலா அக்காவைப் போனில் சொல்லச் சொன்னால் முடிந்தது. முதலாளி பதறிவிட்டார்.

"நம்ம தொழில்ல நம்பரை வாயால சொல்ற பழக்கம் இருக்கா? எங்கப்பா துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுன ஆளு. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. போன்ல சொல்லி ஊருக்கே ஏலம் போடவா?"

ஆகவே எண் அரக்கு முத்திரையிட்ட உறையில், ஜீப் டிரைவர் மொக்கச்சாமி அண்ணனின் சட்டைப் பையில், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தது. அருண்பாண்டி பிரித்துத் தட்டினார். 'தவறான கடவுச்சொல்' என்று வந்தது.

"மலையில கரண்டு போயிட்டு வந்திருக்கும்ணே. ஒவ்வொரு தடவை போட்டு அமத்தும்போதும் கடவுச்சொல் மாறிரும்."

"அப்ப மொக்கச்சாமி இன்னும் வெரசா வரணும்."

அடுத்த நாள் மொக்கச்சாமி அண்ணன் பதினைந்து நிமிடம் முன்னதாக வந்தார். கடவுச்சொல் அதற்கும் முன்னதாக மாறியிருந்தது. மூன்றாம் நாள் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். தாளில் எழுதுவதால்தான் ராசியில்லை. மொக்கச்சாமி அண்ணன் எண்ணை மனப்பாடம் செய்து வந்து, துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். துண்டு போர்த்தப்பட்டது. கோடவுனில் நாங்கள் மூச்சுவிடவில்லை.

"ஏழு," என்றார் முதலாளி மெதுவாக. "மூணு. ம்... இதென்னய்யா, சும்மா கையை மூடிக்கிட்டு உட்காந்திருக்க?"

"சைபருண்ணே."

"சைபருக்கு விரல் கிடையாதே! எங்கப்பா சைபரே பேசுனதில்ல."

"அது பரவால்லண்ணே. அடுத்தாப்புல கடவுச்சொல்லுல இங்கிலீசு எழுத்து வருது. அதுக்கு எந்த விரலைப் பிடிக்க?"

துண்டு எடுக்கப்பட்டது. அருண்பாண்டியே மறுநாள் ஜீப்பில் ஏறிப் போய், மாறாத கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அது மிகவும் இரகசியம் என்பதால் முதலாளி அதைச் சுவரில் எழுதவில்லை. பூச்சிமருந்துக் காலண்டரில்தான் எழுதினார்.

திங்கட்கிழமை காலை திறப்பு விழா. புதிதாக வாங்கும் எதற்கும் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், மவுசின் முதுகில் மட்டும் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதன் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து மவுசை ஏற்றினோம். பழம் நசுங்கவில்லை, மவுசு கவிழ்ந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

திரை தெரிந்தது. நீல வானம், பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு வெள்ளை அம்புக்குறி. முதலாளி கும்பிட்டார். பத்து நிமிடம் பார்த்தார்.

"அம்பு ஏன் சும்மா நிக்கிது?"

"யாரும் மவுசைத் தொடலண்ணே," என்றார் அருண்பாண்டி.

"சம்பளம் வாங்குறவ தொடாம எங்க போனா?"

இப்படித்தான் 'அம்பு அசைவுப் பதிவேடு' தொடங்கப்பட்டது. அம்பு பத்து நிமிடம் அசையாமல் நின்றால் ஒரு 'செயலின்மை'. அதை நேரத்தோடு நான் எழுத வேண்டும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். முதல் நாள் நாற்பத்தொரு செயலின்மைகளை எழுதினேன். அந்த வாரம் முடியும்போது பதிவேட்டில் ஒன்பது பக்கம் நிரம்பியிருந்தது. வந்த லோடில் மாதிரி எடுத்துத் தட்டில் பரப்பினேன். காய் கிளிப்பச்சையாக இருந்தது. அதையும் எழுதினேன். மாதிரித் தட்டை முதலாளி பார்க்கவில்லை. திரை வந்த பிறகு அவர் காய் பார்ப்பதை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை சூர்யகலா அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"என்னம்மா, ஒரு வாரமா அம்பு செத்துக் கெடக்கு?"

"முதலாளி, நான் ஸ்டோர்லதான் இருந்தேன். நெருப்பை விட்டுட்டு வந்தா காய் போயிரும்."

"நெருப்பா? எனக்குத் திரையில ஒரு நெருப்பும் தெரியலையே."

"நெருப்பு ஸ்டோர்ல இருக்கு முதலாளி. கம்ப்யூட்டர்ல எப்படித் தெரியும்?"

"தெரியாததுக்கெல்லாம் நான் சம்பளம் குடுக்க முடியாது. திங்கக்கிழமையில இருந்து அம்பு நின்னா, நீ பையைத் தூக்கிட்டு எறங்கிரு. அம்புட்டுத்தான்."

இறங்குவது என்றால் வேலையை மட்டும் விட்டு இறங்குவது இல்லை. வேலை போனால் தோட்டத்து லயத்தில் அவர் இருக்கும் ஒற்றை அறையும் போகும். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மலைப் பள்ளிக்கூடமும் போகும். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது.

"சரி முதலாளி. நிக்காது."

நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட அம்பு, மாலை வரை ஓடியது. இப்படி ஓர் உழைப்பை நான் கண்டதில்லை. ஓடும், நிற்கும், சடாரென்று மூலைக்குப் பாயும், ஒரே இடத்தில் நாலைந்து தடவை கொத்துவதுபோல் துள்ளும். முதலாளி மண்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். டீயும் மசாலாக் கடலையும் வந்தன.

"பாருங்க மாப்ளே, ஒரு நிமிசம் ஓயிறாளா?"

"அது எதையும் தொறக்கலையே மாமா. சும்மா சுத்துதே?"

"யோசிக்கிறாய்யா! வேலைங்கிறது கையில மட்டுமா இருக்கு?"

செவ்வாய்க்கிழமை லோடு இறக்க வந்த மொக்கச்சாமி அண்ணன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஆத்தா, உன்கிட்டச் சொன்னா வெளிய போகாதுன்னு சொல்றேன். அது சூர்யகலா இல்ல. கோழி."

நான் அவரைப் பார்த்தேன்.

"வயரில்லாத மவுசைக் கோழி கால்ல கயித்துல கட்டிவிட்டிருக்கா. சிமிண்டுத் தரையில நொய்யரிசி எறைச்சு, கதவைச் சாத்திட்டா. கோழி மேயிது, அம்பு ஓடுது. அவ பாட்டுக்கு ஸ்டோர்ல நெருப்பைப் பாக்குறா. வேற என்ன செய்வா, பாவம்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் 'செயலின்மை: இல்லை' என்று எழுதினேன். அந்த வார மாதிரியும் கிளிப்பச்சை.

உழைப்பைக் கண்டால் முதலாளிக்குக் கை சும்மா இராது. 'சிறந்த பணியாளர்' என்று ஒரு விருதை உடனே உருவாக்கினார். வெள்ளிக்கிழமை, முன்னறிவிப்பில்லாமல், பொன்னாடையோடு ஜீப்பில் ஏறினார். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். பதினொன்று இருபதுக்கு அம்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வெறிபிடித்ததுபோல் ஓடியது. பிறகு வட்டமடித்தது. பிறகு மெதுவாக, கனமான எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் நகர்ந்தது. 'அசைவு' என்று எழுதினேன்.

சாயங்காலம் முதலாளி திரும்பியபோது, கோடவுனுக்கு வந்திருந்த அருண்பாண்டி கேட்டார்.

"போன சோலி என்னாச்சுண்ணே? அவங்க சந்தோசப்பட்டாங்களா?"

"சந்தோசமா? அவ ஆபீஸ்லயே இல்ல. ஸ்டோர்ல விறகு தள்ளிக்கிட்டு நிக்கிறா. ஆபீஸ்ல ஒரு கோழி நின்னு அம்புட்டு வேலையும் பாக்குது."

"கோழியா? அப்ப பொன்னாடை?"

"கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டார்றது அபசகுனம். கோழிக்கே போர்த்திட்டு வந்தேன்."

அருண்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோவம் வரலையாண்ணே?"

"எதுக்குக் கோவம்? ஒரு வாரமா அம்பு நின்னுச்சா? நிக்கல. வேலை குறைவில்லாம நடந்திருக்கு. அப்ப அந்த எடத்துக்கு அவ எதுக்கு? அடுத்த சனிக்கெழமை ஜீப்புல எறங்கச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் ஆபீஸ், ஸ்டோரு ரெண்டு பக்கமும் கால் வைக்கக் கூடாது. காவக்கார சின்னமுத்து கோழிக்கு இரை போடுவான். எடையை நோட்டுல எழுதி அனுப்பிருவான்."

"ஸ்டோரை யாருண்ணே பாக்குறது?"

"ஸ்டோரு திரையில தெரியுதா? இல்லைல்ல? விடு."

இவ்வாறாக, எங்கள் மலை அலுவலகம் முழுமையான நவீனத்தை அடைந்தது. கம்ப்யூட்டரில் இப்போது ஒரு கிலோ காயின் கணக்கும் ஏறவில்லை. ஆனால் அது ஒரு நிமிடமும் ஓயவில்லை. அந்த வாரம் முழுக்கப் பதிவேட்டில் ஒரு செயலின்மைகூடக் கிடையாது. அப்படி ஒரு சுத்தமான பக்கத்தை நான் அதுவரை எழுதியதில்லை.

சனிக்கிழமை ஜீப் வந்தது. மூட்டைகளின் மேல் சூர்யகலா அக்கா மகளை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு பைகள், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். சம்பளப் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அதற்குள் நான் மூட்டையைக் குத்திக் காயைத் தட்டில் பரப்பினேன். நிறம் எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. தட்டு முழுக்க வறுத்த கடலை நிறத்தில் கிடந்தது. பாதிக் காய் வெடித்து, அரிசி என்று நாங்கள் சொல்லும் விதை வெளியே தெரிந்தது.

முதலாளி ரொம்ப நாளுக்குப் பிறகு காயைப் பார்த்தார்.

"யாரு இதைக் கருக்குனது?"

"ஸ்டோர்ல ஆளில்லண்ணே," என்றார் மொக்கச்சாமி அண்ணன். "சின்னமுத்து காலையில விறகை அடைச்சிட்டுக் கோழியைப் பாக்கப் போயிருவான்."

"பதிவேட்டைக் கொண்டா!"

கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டினார். அவர் முகம் தெளிந்தது.

"ஒரு நிமிசம்கூட நிக்கல. அம்பு ஓடியிருக்குன்னா ஆபீஸ் நடந்திருக்கு. ஆபீஸ் நடந்தா எல்லாம் நடந்திருக்கணும். அப்ப குத்தம் காய் மேலதான்."

அன்றும் வந்திருந்த அருண்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. முதல் வாரம் அம்பு நின்னுக்கிட்டே கெடந்துச்சே, இவங்க நெருப்புக்கிட்ட இருந்தாங்களே, அப்ப வந்த காய் என்ன நெறம்? பச்சையா இருந்துச்சுன்னா, அம்பைப் பாக்குறதுல ஒண்ணுமில்ல, இவங்க இருக்கணும்னு ஆயிருச்சுல்ல?"

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியில் மூன்று கோடு விழுந்தது.

"அதுவும் நியாயம்தான். பச்சையா இருந்திருந்தா இவளைத் திருப்பி ஏத்திவிட்டுற வேண்டியதுதான். எனக்கு ஞாபகம் இல்ல, காய் பாக்கல. நீதான ஆத்தா மாதிரி எடுத்த? என்ன நெறம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சூர்யகலா அக்காவும் பார்த்தார். அவர் மகளும்.

அம்பைப் பார்ப்பதில் ஒன்றுமில்லை என்றால், அதைப் பார்க்கிறவளுக்கு நாற்காலி எதற்கு? தரையில் பொறுக்குகிறவர்கள் மத்தியில் என் பழைய இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. மின்விசிறி அந்தப் பக்கம் வராது. நிற நோட்டு என் மேசை டிராயரில் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. டிராயரின் மேல் என் முழங்கை இருந்தது.

"ஞாபகம் இல்ல முதலாளி," என்றேன். அந்தக் கம்பெனியில் நான் வாய்திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"பாத்தியா அருண்பாண்டி? அன்னைக்குப் பாக்குறது அன்னைக்கே மறந்துரும். இதுக்குத்தான் லைவு வேணுங்கிறது," என்றார் முதலாளி.

விஞ்ஞானம் வாழ்க. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு கோழி கால் மாற்றி வைத்தால்கூட எனக்குத் தெரியும்படி அது செய்திருக்கிறது. மூன்றடி தூரத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. திரையைப் பார்த்தேன். சூர்யகலா அக்கா கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பேனாவை மூடி என் மேசையில் வைத்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.