பின்னிணைப்பு இரண்டு

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால் புலி மானைத் தின்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழகம் வந்த பிறகும் தின்றது. ஒரே வித்தியாசம், இப்போது அதற்கு மேற்கோள் கேட்டார்கள்.

அந்தக் காட்டில் பூங்காவனம் என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். அவளுக்கு வடிவு என்று ஒரு தங்கை. ஒரு நாள் மத்தியானம் வடிவு, "இதோ தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு நீர்த்துறைக்குப் போனாள். பூங்காவனம் பின்னாலேயே போனாள். புதருக்குப் பின்னாலிருந்து புலி பாய்ந்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே போவதில்லை. புல் நுனியில் கிடக்கும் பனியை நக்கித்தான் தாகம் தீர்த்துக்கொண்டாள்.

அழுது முடித்ததும் நேராகக் காட்டு மன்றத்துக்குப் போனாள். அங்கே யானை தலைவராக இருந்தார்.

"ஐயா, நீர்த்துறை மரத்துல ஒரு குரங்கைக் காவலுக்கு உக்கார வைங்க. புலி வந்தா ஒரு குரல் குடுக்கட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கிட்டு தினமும் நாலு பேர் வராங்கம்மா. ஆய்வு இருக்கா? முனைவர் பட்ட ஆய்வா கொண்டு வா. அன்னைக்கே குரங்கு வரும்" என்றார் யானை.

ஒரே ஒரு குரங்குக்காகப் பூங்காவனம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். தலைப்பு, 'நீர்த்துறையில் புலியால் மான்கள் கொல்லப்படுதல்'. நெறியாளராக வாய்த்தவர் கரடி, முனைவர் குஞ்சிதபாதம். அவரிடம் ஒரு கையெழுத்துக்கு ஒரு கூடு தேன். தேன் வந்த வாரம் காகிதத்தைப் படிப்பார். வராத வாரம் காகிதத்தைக் காணோம் என்பார்.

முதல் இயலில் முக்கியச் சொற்களுக்கு வரையறை எழுத வேண்டும். பூங்காவனம் எழுதினாள்: 'புலி என்பது மானைத் தின்பது.'

கரடி மூன்று முறை படித்தார். "இது யார் சொன்னது?"

"நான்தான் சார். நேர்ல பாத்தேன்."

"நீ பாத்தது தரவும்மா. வரையறைக்கு மேற்கோள் வேணும். உனக்கு முன்னாடி ஒருத்தர் சொல்லியிருக்கணும். அவரும் தனக்கு முன்னாடி ஒருத்தர் சொன்னதா சொல்லியிருக்கணும்."

நூலகத்தில் புலியைப் பற்றி நாற்பத்திரண்டு ஆய்வேடுகள் இருந்தன. நாற்பத்திரண்டும் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் மேற்கோள் காட்டின. அதை எழுதியவர் பேராசிரியர் வேங்கைமார்பன். அவர் ஒரு புலி. அவர் தந்திருந்த வரையறை இது: 'புலி என்பது நீர்த்துறையின் அருகே சிந்தனையில் ஆழ்ந்திருக்கும், கோடுகள் உள்ள உயிரினம்.'

பூங்காவனம் புத்தகத்தைக் கரடியின் முன்னால் போட்டாள். "அப்ப என் தங்கச்சி மேல பாஞ்சது என்ன சார்?"

"ஆழ்ந்த சிந்தனையா இருந்திருக்கும்" என்றார் கரடி, தேனடையை உறிஞ்சியபடி.

அந்த வரையறையே முதல் இயலில் ஏறியது. அடுத்து ஆய்வுக்குழு கூடியது. அதில் ஒரு நரியும் ஒரு காட்டுப்பன்றியும் இருந்தார்கள். 'கொல்லப்படுதல்' என்பது உணர்ச்சிவசப்பட்ட சொல் என்று நரி முகம் சுளித்து, 'நீர்த்துறையிலேயே தங்கிவிடுதல்' என்று மாற்றச் சொன்னார். காட்டுப்பன்றிக்கு வேறு கவலை.

"எல்லாம் இருக்கு. 'மான்'னா என்னன்னு மட்டும் எங்கயுமே இல்லையே?"

"நான்தான் சார் மான்."

"உன்னை வச்சு நீயே வரையறை எழுதினா சார்பு வந்துடும்மா. அளக்கற மாதிரி ஏதாவது சொல்லு."

அளந்தார்கள். மாலை வரை அளந்தார்கள். கடைசியில் பதினேழாம் பக்கத்தில் இப்படி அச்சேறியது: 'நீர்த்துறைக்குச் சென்று, திரும்பி வந்து, இந்த ஆய்வின் வினாத்தாளை நிரப்பித் தந்த உயிரினமே மான் ஆகும்.' கீழே நான்கு கையெழுத்து, நான்காவது பூங்காவனத்துடையது. அவளை நான் திட்டமாட்டேன். ஆறு வருஷம் கரடிக்குத் தேன் சுமந்தவர்களுக்குத்தான் அந்த அவசரம் புரியும். பட்டம் வந்தால் குரங்கு வரும், குரங்கு வந்தால் இன்னொரு வடிவு பிழைப்பாள் என்று அவள் நினைத்தாள்.

வினாத்தாளை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பெயர், முகவரி, தண்ணீர் குடிக்கும் நேரம், துணைக்கு ஆள் உண்டா, ஓடும் வேகம் எவ்வளவு, எல்லாம் கேட்டிருந்தாள். கடைசிக் கேள்வி: 'தாங்கள் இதுவரை நீர்த்துறையிலேயே தங்கிவிட்டதுண்டா?'

முதல் ஆளாக நிரப்பியது அவளுடைய சித்தப்பா நல்லதம்பி. பிள்ளை படிக்கிறாளே என்று அவருக்கு அவ்வளவு பெருமை. நிரப்பிவிட்டு, கொம்பைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"கண்ணு, வடிவு பேருக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"முடியாது சித்தப்பா. அவளே வந்து எழுதணும்."

நூற்றுப்பதின்மூன்று மான்கள் நிரப்பிக் கொடுத்தன. நூற்றுப்பதின்மூன்றிலும் கடைசிக் கேள்விக்கு ஒரே பதில், 'இல்லை'. ஆக, புலியால் நீர்த்துறையில் தங்கிவிட்ட மான்களின் எண்ணிக்கை சுழி.

"சார், இது பொய் சார்" என்றாள் பூங்காவனம்.

"பொய் இல்லம்மா, முடிவு. முதல்ல பட்டத்தை வாங்கு. உண்மையை அப்புறம் பாத்துக்கலாம்."

வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. அந்தக் காட்டு வழக்கப்படி தேர்வுக்கு வருகிறவர்களுக்குச் சால்வையும் மதியச் சாப்பாடும் ஆய்வாளர் பொறுப்பு. பூங்காவனம் கரடிக்குத் தேன், பன்றிக்குக் கிழங்கு, நரிக்கு நண்டு, பொதுவில் மூங்கில் குருத்து என்று இலை போட்டு வைத்திருந்தாள். பின்வரிசையில் அவளுடைய கூட்டம் முழுக்கக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. வெளித்தேர்வாளர் உள்ளே வந்தார்.

அவர் பேராசிரியர் வேங்கைமார்பன்.

"வரையறைகள் பிரமாதம். குறிப்பா, புலிக்குக் குடுத்த வரையறை" என்றார் சால்வையைப் போர்த்திக்கொண்டு. பிறகு இலைகளைப் பார்த்தார். "எனக்கு?"

கரடி பூங்காவனத்தின் காதில் குனிந்தார். "அவர் அசைவம்மா. சொல்ல மறந்துட்டேன்."

புலி எழுந்து மெதுவாக அவள் பக்கம் வந்தது. கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது. பூங்காவனத்துக்கு வடிவு ஞாபகம் வந்தது. அடுத்த நொடி பதினேழாம் பக்கம் ஞாபகம் வந்தது.

"ஐயா, நீங்க மான் மட்டும்தான் சாப்பிடுவீங்களா?"

"மான் மட்டும்தான். கொள்கை."

"அப்ப பதினேழாம் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. நான் நீர்த்துறைக்குப் போறதில்ல. வினாத்தாளும் நிரப்பல. ஆய்வாளர் நிரப்பக் கூடாது. அதனால நான் மான் இல்ல சார்."

புலி பக்கத்தைப் புரட்டிப் படித்தது. கையெழுத்துகளைச் சரிபார்த்தது. "ஆமா, நீ மான் இல்ல" என்று ஒப்புக்கொண்டது. பின்வரிசையில் ஒரே கைதட்டல். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது சித்தப்பா நல்லதம்பி.

வழக்கமான கதையாக இருந்தால் புலி வாலைச் சுருட்டிக்கொண்டு இங்கே கிளம்பியிருக்கும். இது படித்த புலி.

"சரி, அப்ப மான் யாரு?"

தேர்வில் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று ஆறு வருஷமாகப் பழகியிருந்தாள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பின்னிணைப்பு ரெண்டுல இருக்கு சார். பேர், முகவரி, தண்ணி குடிக்கற நேரத்தோட."

கைதட்டல் நின்றது. புலி பின்னிணைப்பு இரண்டை எடுத்து நகத்தால் ஓட்டியது. "வரிசை எண் ஒண்ணு, நல்லதம்பி. வந்திருக்காரா?"

பூங்காவனம் கரடியைப் பார்த்தாள். கரடி தேனைப் பார்த்தார். பேராசிரியர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று சித்தப்பா எழுந்து நின்றார்.

"வந்திருக்கேங்க."

சாப்பாடு முடிய அரை மணி நேரம் ஆனது. ஆய்வேட்டின் முடிவு இதனால் பாதிக்கப்படுமா என்று காட்டுப்பன்றி மட்டும் சந்தேகம் கிளப்பினார். நல்லதம்பி இனிமேல் நீர்த்துறைக்குச் சென்று திரும்பப் போவதில்லை, ஆகவே அவர் மான் அல்ல என்று நரி தீர்த்துவைத்தார். மான்கள் நூற்றுப்பன்னிரண்டு. தங்கிவிட்டவை சுழி. பூங்காவனம் முனைவர் ஆனாள். பயனுள்ள ஆய்வு என்று பாராட்டி, பின்னிணைப்பில் கூடுதலாக ஒரு படி வாங்கிக்கொண்டு போனார் வேங்கைமார்பன்.

மறுநாள் பட்டச் சான்றிதழோடு யானையிடம் போய்க் குரங்கைக் கேட்டாள். யானை ஆய்வேட்டைப் படித்துப் பார்த்தார். "ஒரு மான் கூடச் சாகலைன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் குரங்கு எதுக்கும்மா?"

பூங்காவனம் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் அதே பல்கலைக்கழகத்தில் பணி நியமன ஆணை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அவளுக்கென்று ஓர் அறை, அறைக்குள்ளேயே தண்ணீர்ப் பானை.

சில வருஷம் கழித்து அந்த அறை வாசலில் ஒரு பெண்மான் வந்து நின்றது.

"மேடம், தண்ணி குடிக்கப் போன என் குட்டி திரும்பி வரல. புலி தின்னதை நான் பாத்தேன். ஆய்வு பண்ணணும்."

முனைவர் பூங்காவனம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தொண்டை வரை ஏதோ வந்தது. வடிவு என்ற பெயராக இருந்திருக்கலாம். பானையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"நீ பாத்தது தரவும்மா" என்றாள். "முதல்ல 'குட்டி'ன்னா என்னன்னு எழுதிட்டு வா. மேற்கோளோட."

நீதி: புலியிடமிருந்து தப்பிக்க வேகமாக ஓடத் தேவையில்லை. 'நான் மான் இல்லை' என்று முதல் இயலிலேயே எழுதி நான்கு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்களைப் பின்னிணைப்பில் போட வேண்டும்.