தொண்ணூற்றெட்டாம் பெட்ரோல் பரணி

வாழி! நான்கு உருளையும் ஒரு டர்போவும் பூண்ட செந்நிறத் தேரின் தலைவன் வாழி! காப்பீட்டு அலுவலகத்து இரண்டாம் மாடி வேந்தன், முன்பின் அறியாதவரிடமும் மூன்றாம் சொல்லிலேயே "நம்ம வண்டி டர்போ" என முழங்கும் வாய்வள்ளல், வண்டிக் கையேட்டை உறை பிரிக்காமலே கற்றுணர்ந்த பேரறிஞன் வாழி, வாழி! பதினோரு ஆண்டு காத்திருந்து மனைவிக்குக் கிடைத்த தலைமைச் செவிலியர் நேர்காணல் ஒன்பதரை மணிக்கு. எட்டே முக்காலுக்கு அதைப் பெட்ரோல் பங்கில் பலியிடத் துணிந்தான் இவ்வீரன். கால் வலிக்காதவர் நின்று கேட்கலாம், மற்றவர் உட்காருங்கள்.

தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு எனப் பெட்ரோலின் ஆக்டேன் எண் பொறித்த மூன்று குழாய்கள் மும்முனை வேல் போல் நிமிர்ந்திருக்க, மூன்றாவதின் வாயை மட்டும் பாலிதீன் பை கட்டி மூடியிருந்தார்கள். இருப்பு இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே இறங்கிய தலைவன், இடுப்பில் கைவைத்துச் சூளுரைத்தான்:

"தொண்ணூத்தெட்டைத் தவிர வேற ஒரு சொட்டு இது வாயில படக்கூடாது. டேங்கர் லாரி வர்ற வரைக்கும் இங்கதான் நிக்கப்போறேன்!"

பின்னிருக்கையிலிருந்து குதித்தான் மைத்துனன், பார்சல் வேன் ஓட்டும் சண்டமாருதன்.

"எரியறதெல்லாம் பெட்ரோல்தான் மாமா. தொண்ணூத்தொண்ணு ஊத்துங்க, பறக்கும். என் வேன் எட்டு வருஷமா அதைத்தான் குடிக்குது."

"உன் தகர டப்பாவும் என் டர்போவும் ஒண்ணாடா மாப்ளே?"

மதம் பிடித்த இரு களிறுகள் ஒரு குட்டைக்குள் இறங்கியது போல் மோதினார்கள். காற்றை நெருக்கித் திணிக்கும் டர்போவுக்குத் தாழ்ந்த பெட்ரோல் ஊற்றினால் அது முறைக்கு முன்னே வெடித்து எஞ்சினைத் தட்டும் என்பதை ஒருவன் அறியான். எண் ஏற ஏறக் கழுதை குதிரையாகிவிடாது என்பதை மற்றவன் அறியான். அறியாமை இரண்டும் சம எடை. தராசு அசையவில்லை. வண்டியும் அசையவில்லை.

விடிகாலை முதல் நின்று கால் வீங்கிய பங்க் ஊழியர், குழாயைப் பிடித்தபடி மூன்று முறை சொல்லிப் பார்த்தார்: "சார், டேங்க் கதவுக்கு உள்பக்கமே எழுதியிருக்கும்."

"ஊத்துற வேலைய மட்டும் பாருப்பா," என்று அருளினான் தலைவன்.

பின்னே வரிசையில் போர்ச்சங்கென ஹாரன்கள் அலறின. "யோவ், பெட்ரோல் போட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ஒரு டாக்ஸிக்காரர் வாழ்த்தினார். வீரர் இருவரும் அதற்கும் அஞ்சாமல், காற்றடிக்கும் எந்திரத்தருகே களம் மாற்றி, சுவரில் படிந்த தூசியில் விரலால் எஞ்சின் வரைந்து, ஒருவர் வரைந்ததை மற்றவர் அழித்து, மாறி மாறி உலகாண்டனர்.

மணி ஒன்பது ஐந்து. மடியிலிருந்த சான்றிதழ்க் கோப்பை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள் மனைவி. டேங்க் கதவைத் திறந்தாள். படித்தாள்.

"அண்ணே, தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கு. அதையே போட்டுடுங்க."

"நல்லதும்மா," என்றார் ஊழியர். அன்று காலை அவர் சொல் ஏறிய முதல் காது அதுதான்.

"என்னங்க, வர்றீங்களா இல்லையா?" என்று அவள் இருமுறை அழைத்தாள். திரும்பாமலே கை உயர்த்தி, "ஒரு நிமிஷம்!" என்று ஆணையிட்டான், சுவரில் டர்போவின் கம்ப்ரஸருக்கு எட்டாவது இறக்கையை வரைந்துகொண்டிருந்த காவலன். சாவி வண்டியிலேயே இருந்தது. செந்நிறத் தேர் புழுதி கிளப்பி, திசை எட்டும் அதிர, தட்டலின்றி முட்டலின்றி விரைந்து, ஒன்பது இருபத்தைந்துக்கு மருத்துவமனை வாசலில் நின்றது.

மாமாவும் மைத்துனனும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.